ஒரே வடத்தில் எத்தனை குரல்? – வீட்டு இணையமும் சுவிட்சின் வரலாறும்



"இணையத் திட்டத்தை உயர்த்திவிட்டோம் ஐயா. மாதந்தோறும் கூடுதலாகவே கட்டுகிறோம். ஆனாலும் பிள்ளையின் கணினியில் பழைய வேகம்தான் வருகிறது. ஏன்?"

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, வகுப்பறை வீட்டின் கூடத்திற்குள் குடிபுகுந்த நாள்முதல் பெற்றோர் பலர் கேட்டுவரும் கேள்வி இது. வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல் நடந்த காலம் கடந்துவிட்டது. கேள்வி மட்டும் கடந்துவிடவில்லை. இணையவழிப் புதிர்ப்போட்டி, மின்னூல், நேரலை வகுப்பு என்று பிள்ளைகளின் கல்வியில் ஒரு பகுதி இன்றும் இணையத்தின் வழியாகவே நடக்கிறது. ஆசிரியர் வினா தொடுக்கும் நேரத்தில் படம் உறைந்து நின்றால், விடை தெரிந்த பிள்ளையும் விடை தெரியாத பிள்ளையாகிவிடுகிறது.

இக்கேள்விக்கான விடை பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் தூசு படிந்து கிடக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கிறது. அதன் பெயர் சுவிட்ச். தமிழில் பிணைய நிலைமாற்றி என்பர். ரவுட்டர் எனப்படும் திசைவியிலிருந்து வரும் ஒரு வடத்தைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி இது. இதனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நான்கு வரிகளில் சொல்லிவிடலாம். ஆயினும், இக்கருவி ஏன் தோன்றியது என்பதை அறிந்தவர் கடைக்காரரின் சொல்லை நம்பி ஏமாற வேண்டியதில்லை. ஆகவே, முதலில் வரலாற்றைக் காண்போம். பிறகு கடைக்குச் செல்வோம்.

ஹவாய்த் தீவுகளில் தொடங்கிய கதை

பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் ஹவாய்த் தீவுகளில், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் தனித்தனித் தீவுகளில் இருந்தன. தலைமை வளாகத்தில் ஒரு பெரிய கணினி இருந்தது. பிற தீவுகளில் இருந்தோர் அதனை எப்படிப் பயன்படுத்துவது? தொலைபேசிக் கம்பிவழி இணைப்பதைவிட வானொலி அலைவழி இணைப்பது ஏற்றது என்று பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனும் அவர்தம் குழுவினரும் கருதினர். அவர்கள் உருவாக்கிய 'அலோகாநெட்' 1971-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

அதன் விதி மிக எளியது. செய்தி இருந்தால் உடனே அனுப்பு. மையக் கணினியிடமிருந்து 'கிடைத்தது' என்ற மறுமொழி வரவில்லையாயின், சற்று நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பு. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு செய்திகளும் மோதிச் சிதைந்துவிடும். அதனால்தான் அந்தப் பொறுத்திருக்கும் நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடும்படி வைக்கப்பட்டது.

ஆசிரியர்களுக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. கையை உயர்த்தாமல் எல்லா மாணவரும் விடையைக் கூவும் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர் குறைவாக இருக்கும்வரை ஆசிரியருக்கு விடை கேட்கும். எண்ணிக்கை கூடினால் இரைச்சல்தான் மிஞ்சும். அலோகா முறையில், மிகச் சிறந்த நிலையிலும் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காடு மட்டுமே உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கிட்டுக் காட்டப்பட்டது. எஞ்சியது மோதலிலும் வெறுமையிலும் கழிந்தது.

ஈத்தர்நெட் பிறந்தது

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பாலோ ஆல்டோ நகரில் இருந்த சிராக்ஸ் ஆய்வு மையத்தில் அக்காலத்தில் 'ஆல்ட்டோ' என்னும் மேசைக் கணினிகளை உருவாக்கிக் கொண்டிருந்தனர். அவற்றை ஒன்றோடொன்றும், புதிதாக உருவாகிவந்த லேசர் அச்சுப்பொறியோடும் இணைக்க வேண்டியிருந்தது. அப்பணி ராபர்ட் மெட்காஃப் என்னும் இளைஞரிடம் வந்தது. ஆப்ராம்சனின் ஆய்வை அவர் நன்கு கற்றிருந்தார்.

1973-ஆம் ஆண்டு மே 22-இல் அவர் எழுதிய அலுவலகக் குறிப்பொன்றில் 'ஈத்தர்நெட்' என்னும் பெயர் இடம்பெற்றது. ஒளி பரவுவதற்கு 'ஈதர்' என்னும் காணாப் பொருள் அண்டமெங்கும் நிறைந்திருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியலாளர் எண்ணியிருந்தனர். அந்த எண்ணம் பிற்காலத்தில் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் மெட்காஃபின் வடத்திற்கு வந்து சேர்ந்தது. எல்லா இடத்திற்கும் செய்தியைச் சுமந்து செல்லும் பொதுவான ஊடகம் என்பது அவர் கருத்து. டேவிட் பாக்ஸ் என்பாரோடு இணைந்து அவர் அமைத்த பிணையம் வினாடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் இயங்கியது.

அலோகாவைக் காட்டிலும் இதில் இரண்டு நல்லொழுக்கங்கள் கூடின. ஒன்று, பேசுமுன் கேள்: வடத்தில் வேறு யாரேனும் பேசிக்கொண்டிருந்தால் காத்திரு. மற்றொன்று, பேசும்போதும் கேள்: மோதல் நேர்ந்தால் உடனே நிறுத்து, நிறுத்திய பின் சீட்டுக் குலுக்கியது போல் ஒரு நேரம் பொறுத்து மீண்டும் பேசு. மீண்டும் மோதினால், பொறுக்கும் நேரத்தின் எல்லையை இருமடங்காக்கு. பிள்ளைகளுக்கு நாம் கற்றுத் தரும் அவைப்பண்பு கம்பிக்குள் விதியாக எழுதப்பட்டது என்றே சொல்லலாம்.

1979-இல் மெட்காஃப் 'த்ரீகாம்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1980-இல் டிஜிட்டல், இன்டெல், சிராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் ஈத்தர்நெட்டின் வரையறையை வெளியிட்டன. 1983-இல் அது 802.3 என்னும் எண்ணோடு ஐஇஇஇ அமைப்பின் தரநிலையாயிற்று. யார் வேண்டுமானாலும் இத்தரத்திற்கு ஏற்பக் கருவி செய்யலாம் என்ற நிலை பிறந்தது. இன்று நாம் எந்த நிறுவனத்தின் சுவிட்சை வாங்கினாலும் எந்த நிறுவனத்தின் கணினியோடும் அது பொருந்துவது அதன் பயனே.

ஒரு வடம் அறுந்தால் அனைவரும் அறுந்தனர்

தொடக்கக்கால ஈத்தர்நெட் வடம் விரல் பருமன் கொண்டது. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருந்தது. ஒரு நீட்டம் 500 மீட்டர்வரை செல்லலாம். கணினியை இணைக்க, வடத்தைத் துளைத்து உள்ளிருக்கும் கம்பியைத் தொடும் ஊசிமுனைக் கருவியைப் பொருத்துவர். பின்னர் வந்த மெல்லிய வடம் மலிவானது. ஒரு நீட்டத்திற்கு 185 மீட்டர் எல்லை.

இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது. எல்லாக் கணினிகளும் ஒரே வடத்தில் மணிகள் போலக் கோக்கப்பட்டிருந்தன. எங்கேனும் ஓரிடத்தில் வடம் அறுந்தாலோ இணைப்பு கழன்றாலோ அலுவலகம் முழுவதும் முடங்கும். குற்றம் எங்கே என்று தேடி மேசை மேசையாகச் செல்ல வேண்டும்.

இக்குறையைத் தீர்க்க, தொலைபேசிக்குப் பயன்படும் முறுக்கிணைக் கம்பிகளையே கணினிக்கும் பயன்படுத்தும் வழி காணப்பட்டது. 1990-இல் இதற்கான தரநிலை வந்தது. ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனி வடம் புறப்பட்டு நடுவில் இருக்கும் 'ஹப்' என்னும் பெட்டிக்கு வந்து சேரும். ஒரு வடம் அறுந்தால் ஒரு கணினி மட்டுமே நிற்கும், மற்றவை இயங்கும்.

ஆயினும், ஹப் வெறும் எதிரொலிப் பெட்டியே. ஒரு செருகுவாயில் வந்த செய்தியை மற்ற எல்லாச் செருகுவாய்களிலும் அது திருப்பிக் கூவும். வடங்கள் தனித்தனியாகப் பிரிந்தன. ஆனால் பேச்சு இன்னும் ஒரே கூடத்தில்தான் நடந்தது. 20 கணினிகள் கொண்ட கணினிக்கூடத்தில் 10 மெகாபிட் ஹப் இருந்தால், அந்தப் பத்தையும் இருபது பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு அரை மெகாபிட். மோதலில் வீணாவது வேறு.

யார் எங்கே இருக்கிறார்? கற்றுக்கொண்ட பெட்டி

இங்கேதான் கதையின் திருப்பம். ஒவ்வொரு கணினிக்கும் 48 பிட் நீளமுள்ள தனி முகவரி ஒன்று உண்டு. அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி இரண்டும் ஒவ்வொரு தரவுப்பொதியின் மேலும் எழுதப்பட்டிருக்கும். அப்படியாயின், நடுவில் இருக்கும் பெட்டி அதனைப் படித்து, உரியவருக்கு மட்டும் அனுப்பினால் என்ன?

இவ்வெண்ணம் முதலில் 'பிரிட்ஜ்' என்னும் பாலக் கருவியாக உருவெடுத்தது. டிஜிட்டல் நிறுவனத்தில் மார்க் கெம்ப்ப் உருவாக்கிய இக்கருவி இரண்டு வடங்களுக்கு இடையே நின்று, யார் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதைத் தானே கற்றுக்கொண்டது. யாரும் அதற்குப் பட்டியல் எழுதித்தர வேண்டியதில்லை. ஒரு பொதி வரும்போது அனுப்பியவரின் முகவரியைப் பார்த்து, 'இவர் இந்தப் பக்கம்' என்று குறித்துக்கொள்ளும். பெறுவோர் யாரென்று தெரியாவிடில் மட்டுமே எல்லாப் பக்கமும் அனுப்பும். புதிய வகுப்பிற்குச் செல்லும் ஆசிரியர் இருக்கை வரிசையைப் பார்த்துப் பெயர்களைப் பழகிக்கொள்வதைப் போன்றது இது.

பாலங்களை வட்டமாக இணைத்துவிட்டால் ஒரு பொதி முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்ற இடர் எழுந்தது. அதே நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இல் அதற்குத் தீர்வு கண்டார். தேவையற்ற பாதைகளைத் தாமே அடைத்துக்கொண்டு, வட்டமில்லாத மரக்கிளை வடிவில் பிணையம் அமையும்படி ஒரு வழிமுறையை வகுத்தார். கல்வி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் உள்ள பெரிய சுவிட்சுகளில் அதன் வழிவந்த முறைகள் இன்றும் இயங்குகின்றன.

பாலத்திற்குப் பெரும்பாலும் இரண்டே வாய்கள். அதனைப் பல வாய்கள் கொண்டதாக, மிக விரைவாகச் செயல்படுவதாக மாற்றியது 'கல்பனா' என்னும் சிறு நிறுவனம். இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. பரத்வாஜ் தம் துணைவியாரின் பெயரையே நிறுவனத்திற்குச் சூட்டினார். கல்பனா என்பது நம் வழக்கில் கற்பனை. 1990-ஆம் ஆண்டளவில் அந்நிறுவனம் ஏழு வாய்கள் கொண்ட ஈத்தர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் சிஸ்கோ நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. இன்று வீட்டு மூலையில் ஓசையின்றி மின்னும் சிறு பெட்டிக்கு மூதாதை அதுவே.

சுவிட்ச் வந்தபின் கூடத்தில் கூவும் வழக்கம் ஒழிந்தது. முதலாம் கணினி இரண்டாம் கணினியோடு பேசும் அதே நொடியில் மூன்றாவது நான்காவதோடு பேசலாம். ஒருவர் பேச்சு மற்றவருக்கு இடையூறன்று. 1997-இல் வந்த தரநிலை, ஒரே வடத்தில் பேசுவதும் கேட்பதும் ஒருசேர நடக்க வழிசெய்தது. மோதல் என்பதே இல்லாமல் போயிற்று. மெட்காஃப் வகுத்த 'பொறுத்திருந்து பேசு' என்னும் விதிக்குக் கம்பிவழிப் பிணையத்தில் வேலையே இல்லாமல் போனது.

ஆனால், கம்பியில்லா வைஃபையில் நிலைமை வேறு. அங்கு இன்றும் ஓர் அலைவரிசையைப் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். அண்டை வீட்டாரின் வைஃபையும் அதே காற்றில் பேசுகிறது. அடுக்குமாடி வீடுகளில் மாலை நேரத்தில் வைஃபை தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளையின் வகுப்புக் கணினிக்குத் தனி வடம் நல்லது என்று சொல்வது பழைமைப் பற்றினால் அன்று.

மூன்று படிகள் ஏறிய வேகம்

1995-இல் 100 மெகாபிட் வந்தது. 1999-இல் சாதாரணச் செப்பு வடத்தில் 1000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் வேகத்திற்கான தரநிலை வந்தது. 2016-இல் 2.5 கிகாபிட்டும் 5 கிகாபிட்டும் தரம்பெற்றன. இவற்றுள் ஒரு நுட்பம் பெற்றோர்க்கு மிகவும் பயன்படும். வடத்திற்குள் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட்டுக்கு அவற்றுள் இரண்டு இணைகள் போதும்; கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆகவே, ஓர் இணை பழுதுபட்டாலும் கருவிகள் தமக்குள் பேசி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். இணைப்பு அறுவதில்லை, விளக்கும் மின்னிக்கொண்டே இருக்கும். குறை இருப்பதே தெரியாது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். மலேசியாவில் 2001-இல் ஸ்திரீமிக்ஸ் அகலக்கற்றை அறிமுகமானபோது, வேகம் மிகக் குறைவு. 2010 மார்ச்சில் யுனிஃபை ஒளியிழைச் சேவை தொடங்கியபோது, வீடுகளுக்கு 5, 10, 20 மெகாபிட் திட்டங்கள் இருந்தன. அக்காலத்தில் 100 மெகாபிட் சுவிட்ச் நமக்கு வேண்டியதைப் போல் ஐந்து மடங்கு தாராளமானது. பலர் வாங்கி வைத்தனர். அது பழுதாகவும் இல்லை. ஆனால், 2018-இல் சந்தாதாரர் பலரின் வேகம் உயர்த்தப்பட்டது. 30 மெகாபிட் திட்டம் 300 ஆயிற்று. அன்றுதான் தாராளமாய் இருந்த பெட்டி குறுகிய மதகாயிற்று. ஏரியில் நீர் நிரம்பியிருந்தும் மதகு சிறிதாயின் வயலுக்குப் பாய்வது சிறிதே. சிங்கப்பூரிலோ, நாடளாவிய பிணையத்தை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளிவரை செலவிடுவதாக 2024-இல் அரசு அறிவித்தது. அங்குள்ள பெற்றோர்க்கும் இந்த மதகுக் கணக்கு பொருந்தும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. முதலில் அளந்து பாருங்கள். பிள்ளையின் கணினியை நேரே ரவுட்டரில் வடம்கொண்டு இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். பிறகு சுவிட்ச் வழியாகச் சோதியுங்கள். நேரே 280 வந்து, சுவிட்ச் வழியே 94 அளவில் நின்றால், இடையில் 100 மெகாபிட் இணைப்பு உள்ளது என்று பொருள். 100 மெகாபிட்டில் முகவரி முதலியவற்றிற்கான இடம் போக எஞ்சுவது அவ்வளவே. கிகாபிட் இணைப்பில் 940 அளவுவரை வரும்.

2. வடத்தை ஐயுறுங்கள். சுவிட்சை மாற்றுமுன் வடத்தை மாற்றிப் பாருங்கள். வடத்தின் மேல் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செப்பு பூசிய மலிவு வடங்களைத் தவிர்த்து, முழுச் செப்பு வடத்தையே கேளுங்கள்.

3. கிகாபிட் என்பதை உறுதிசெய்யுங்கள். பெட்டியில் 10/100 என்று மட்டும் இருந்தால் வேண்டாம். 10/100/1000 என்று இருக்க வேண்டும். 'அதிவேகம்' என்ற பொருள்படும் சொற்கள் 100 மெகாபிட் கருவியிலும் இருக்கும், எண்ணையே நம்புங்கள். உங்கள் திட்டம் ஒரு கிகாபிட்டைத் தாண்டாதவரை 2.5 கிகாபிட் சுவிட்சுக்குச் செலவிடத் தேவையில்லை.

4. வாய்களை எண்ணுங்கள். ஐந்து வாய்ச் சுவிட்சில் ஒன்று ரவுட்டருக்குப் போய்விடும்; எஞ்சுவது நான்கு. கணினி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி என்று கணக்கிட்டு, ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும்படி வாங்குங்கள்.

5. எளிய வகையே போதும். அமைப்புகளை மாற்றக்கூடிய மேலாண்மைச் சுவிட்ச் வீட்டிற்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஐந்து வாய்கள் கொண்ட எளிய கிகாபிட் சுவிட்ச் நூறு ரிங்கிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. ஒரே வடத்தின் இரு முனைகளையும் அதே சுவிட்சில் செருகிவிடாதீர்கள். பெர்ல்மன் அம்மையாரின் வழிமுறை எளிய சுவிட்சுகளில் பொதுவாக இருப்பதில்லை; பொதிகள் சுழன்று வீட்டுப் பிணையமே முடங்கிவிடக்கூடும்.

6. இடமறிந்து வையுங்கள். ஒளியிழை மோடம், அடுத்து ரவுட்டர், அதற்கடுத்துச் சுவிட்ச் என்பதே வரிசை. கருவிகளுக்கு இணைய முகவரி வழங்குவது ரவுட்டரின் பணி. சுவிட்ச் அதனைச் செய்யாது.

நிறைவாக

ஒன்றை மறவாதீர்கள். சுவிட்ச் இணையத்தைப் பெருக்கும் கருவியன்று. வாசலுக்கு வரும் 100 மெகாபிட்டை அது 101 ஆக்காது. அண்ணன் படம் பார்க்கையில் தங்கை வகுப்பில் இருந்தால், வாசலுக்கு வரும் அளவை இருவரும் பங்கிடத்தான் வேண்டும். வந்ததை வழியில் குறைக்காமல், ஒருவர் பேச்சை மற்றவர் பேச்சோடு மோதவிடாமல் உரியவரிடம் சேர்ப்பது மட்டுமே அதன் அறம். அலோகாவிலிருந்து கல்பனாவரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறிஞர்கள் உழைத்தது இந்த ஒன்றிற்காகவே.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை இணையம் மெதுவாக இருக்கிறது என்று திட்டத்தை உயர்த்த எண்ணும்போது, ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி வீட்டிற்குள் மதகு எங்கே குறுகியிருக்கிறது என்று தேடுங்கள். வடத்தைக் கழற்றி மாற்றிச் சோதிக்கும் அந்த வேலையில் பிள்ளையையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அளந்து, ஒப்பிட்டு, காரணம் காண்பதுதானே அறிவியல் பாடம்? மாதக் கட்டணம் மிச்சமாகலாம்; பிள்ளைக்கு ஒரு நல்ல பாடமும் கிடைக்கும்.